விரலளவு வீரர்கள்



புறத்திணையைப் பற்றிப் பேசுமாறு செயலர் என்னைப் பணித்திருந்தார். பதினைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் நான் பேசிவரும் பொருள் அது. ஆனால் இன்று அதனை நூல்களின் வழியாக அன்றி, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் வழியாக அணுக விரும்புகிறேன். பொம்மைச் சிப்பாய்களைப் பற்றி ஒரு தமிழ் விரிவுரையாளர் பேசுவதா என்று நீங்கள் நகைக்கலாம். ஓராண்டுக்கு முன்பு நானும் நகைத்தவள்தான். நகைத்ததோடு நில்லாமல் சினந்தவளும்கூட.

இங்கிலாந்தில் பணியாற்றும் என் தம்பி, பத்தாம் வகுப்பு முடித்த என் மகனுக்கு ஒரு பெட்டி அனுப்பினான். அதில் கட்டைவிரலின் மேற்பாதி அளவே உள்ள நெகிழிச் சிப்பாய்கள் ஐம்பது பேர் இருந்தனர். மெய்யான மனிதனில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அவர்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். அவர்கள் நிற்கும் நிலத்தையும் நாமே செய்ய வேண்டும். பிறகு அளவுகோலும் பகடையும் கொண்டு, விதிநூலின்படி இருவர் எதிரெதிர் நின்று போர் நடத்த வேண்டும். இதுவே மேசைப் போர் விளையாட்டு. பிரிட்டனில் இது பெரியவர்களின் பொழுதுபோக்கு. டொனால்டு ஃபெதர்ஸ்டோன் என்பவர் 1962இல் எழுதிய நூல் இதனை அங்கே பரவலாக்கியது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றித் திரும்பியவர் அவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1983இல் வெளிவந்த 'வார்ஹாமர்' இதே விளையாட்டை வரலாற்றிலிருந்து கற்பனை உலகங்களுக்குக் கொண்டு சென்றது.

'போரை விளையாட்டாக்குவதா?' என்பதே என் முதற் கேள்வி. என் தந்தையார் படையில் இருந்தவர். 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்கு எல்லையில் நின்றவர். அதைப் பற்றி எங்களிடம் அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் பொம்மைத் துப்பாக்கிகளா என்று மகனைக் கடிந்தேன். அவன் மறுத்துப் பேசவில்லை. மேசை விளக்கின் கீழ் அமர்ந்து வேலையைத் தொடங்கினான். சினத்தோடு பார்க்கத் தொடங்கிய நான், சில நாட்களில் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவினான். வார்ப்பச்சின் எண்ணெய் ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காதாம். அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் மெல்லிய கோடு ஒன்று புடைத்திருக்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டினான். பின்பு உடல் முழுதும் சாம்பல் நிற அடிப்பூச்சு. அது உலர்ந்தபின் சட்டைக்கு ஒரு நிறம், வார்ப்பட்டைக்கு ஒரு நிறம், முகத்திற்கு ஒரு நிறம். வண்ணத்தை நீர்க்கக் கலந்து இருமுறை பூச வேண்டும். கெட்டியாக ஒருமுறை பூசினால் முகத்தின் மூக்கும் கண்ணும் மூடிப்போகும். சொற்களை அப்பிக் கருத்தை மூடிவிடும் நம் இளங்கவிஞர் சிலரை நான் நினைத்துக்கொண்டேன் என்றால் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது கவிஞர்களுக்கு உரியது. நிறங்களெல்லாம் சரியாகப் பூசிய பின்னும் அந்தப் பொம்மை உயிரற்றே நின்றது. காரணத்தை என் மகன்தான் விளக்கினான். பொம்மையின் உருவத்தைச் சிறிதாக்கலாம். ஒளியைச் சிறிதாக்க முடியாது. ஒரு மனிதனின் சட்டை மடிப்பில் வெயில் நிழலை வீழ்த்துகிறது. அந்த மடிப்பு ஒரு மயிரிழை ஆழத்திற்குக் குறுகும்போது அதில் விழும் நிழல் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே நிழலையும் தீட்டுபவனே தர வேண்டும். கருநிறத்தைத் தண்ணீராக நீர்த்து மேலே விட்டால் அது தானே ஓடி மடிப்புகளில் தங்கும். பிறகு, வண்ணம் பெரும்பாலும் துடைக்கப்பட்ட, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் மேலே தடவினால் புடைப்புகள் மட்டும் வெளுத்துத் துலங்கும். அருகில் பார்த்தால் இது மிகை. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் அதுவே மெய். சிறிய உருவம் உண்மையாகத் தோன்ற வேண்டுமானால் அதன் ஒளியும் நிழலும் மிகைப்பட வேண்டும். நான்கு அடிக்குள் ஒரு வாழ்வைச் சொல்ல முனையும் கவிஞர் இதை அறிவார்.

அடுத்தது நிலம். வெப்பம் தாங்காத நுரைப்பலகையைச் சூடான கம்பியால் அறுத்து மேடுகள் செய்தான். பசை தடவி மணல் தூவினான். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்லாக்கினான். இந்த இடத்தில் எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே மண் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் தூவி, கொலுவுக்கு வயல் முளைக்க வைப்பார். உடைந்த கண்ணாடி குளமாகும், செங்கற்பொடி சாலையாகும். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலைதான் இது. அதை ஒரு கலையென்று எவரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவே.

மேசைப் போரில் நிலம் வெறும் பின்னணி அன்று. மேட்டில் ஏறும் படை மெதுவாகச் செல்லும். வேலிக்குப் பின்னால் நிற்பவன்மேல் குண்டு படுவது அரிது. சதுப்பில் பீரங்கி நகராது. விதிகளில் பாதி நிலத்தைப் பற்றியவை. தொல்காப்பியர் குறிஞ்சிக்கு வெட்சியையும், முல்லைக்கு வஞ்சியையும், மருதத்திற்கு உழிஞையையும், நெய்தலுக்குத் தும்பையையும் புறனாக இணைத்ததை மாணவர்க்கு மனப்பாடமாகவே சொல்லித் தந்து வந்தேன். போருக்கும் நிலமே முதற்பொருள் என்பதைக் கையளவு மணல்மேடு ஒன்றைப் பார்த்தபோதுதான் கண்ணால் கண்டேன்.

என் மகன் தேர்ந்துகொண்ட களம் வாட்டர்லூ. நெப்போலியன் இறுதியாகத் தோற்ற அந்தப் போர் இன்றைய பெல்ஜியத்தில் 1815 ஜூன் 18 அன்று நடந்தது. முதல் நாள் இரவு பெருமழை. ஆகவே சிப்பாய்களின் கால்சட்டை விளிம்புகளில் சேற்று நிறம் தீட்ட வேண்டும் என்றான். பிரிட்டிஷ் காலாட்படையினருக்குச் செந்நிறச் சட்டை. ஆனால் கழுத்துப்பட்டையும் கைவிளிம்பும் படைப்பிரிவுக்குப் பிரிவு மஞ்சள், பச்சை, நீலம் என மாறும். அந்த நிறம் தவறினால் வேறொரு படைப்பிரிவு அங்கே நின்றதாகப் பொருள். பாட வேறுபாடு பார்ப்பவளாகிய எனக்கு இந்த அக்கறை அந்நியமாகத் தோன்றவில்லை. அவனுக்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான் வில்லியம் சைபார்ன் என்ற மனிதரை அறிந்தேன்.

சைபார்ன் பிரிட்டிஷ் படை அதிகாரி. ஆனால் வாட்டர்லூவில் போரிட்டவர் அல்லர். போர் முடிந்தபின்தான் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். 1830இல் அந்தக் களத்தின் மாதிரி ஒன்றை அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் களத்தின் நடுவே இருந்த லா ஹே சாந்த் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். அதற்குள் நிலமே மாறிவிட்டிருந்தது. நினைவுச் சின்னமாகச் சிங்க மேடு ஒன்றை எழுப்புவதற்காக, வெலிங்டனின் படை நின்ற மேட்டிலிருந்தே மண்ணை வெட்டி எடுத்திருந்தார்கள். வெற்றியைக் கொண்டாடுவதற்காக வெற்றி நிகழ்ந்த நிலத்தையே சிதைத்த கதை அது.

பின்னர், போரில் பங்குகொண்டு உயிரோடு இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். மாலை ஏழு மணி அளவில், நெப்போலியனின் காவற்படை இறுதியாகத் தாக்கிய அந்த நேரத்தில், உங்கள் பிரிவு எங்கே எந்த அணிவகுப்பில் நின்றது? உங்கள் எதிரே இருந்தவர் யார்? நீங்கள் நின்ற வயலில் என்ன பயிர் இருந்தது? இவையே அவர் கேட்டவை. பல ஆண்டுகளுக்கு முன்பு மரணத்தின் எதிரில் நின்ற ஒருவரிடம், உங்கள் காலடியில் கம்பா கோதுமையா என்று கேட்பது போன்ற கேள்வி அது. ஏன் கேட்டார்? உரைநடையில் 'படை வயலைக் கடந்தது' என்று எழுதிவிட்டு மேலே சென்றுவிடலாம். மாதிரி செய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த வயலில் ஏதேனும் ஒரு நிறத்தை அவர் வைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பொம்மையையும் ஓரிடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். மழுப்புவதற்கு அங்கே சொல் இல்லை.

டப்ளினில் அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதுகளில் அவர் வேலை செய்தார். 1833இல் அரசு பணம் தர மறுத்தது. கடன் வாங்கித் தொடர்ந்தார். ஒரு மைல் நிலம் ஒன்பது அடியாகச் சுருங்கிய அந்தக் களத்தில் வெள்ளீயமும் ஈயமும் கலந்து வார்த்த ஏறத்தாழ 75,000 பொம்மைகள் நின்றன. 1838இல் இலண்டன் பிக்காடிலியின் எகிப்திய மண்டபத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தனர். ஆயினும் அவருடைய கடன் தீரவில்லை.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. போரின் பிற்பகுதியில் பிரஷ்யப் படை கிழக்கிலிருந்து வந்து நெப்போலியனின் பக்கவாட்டைத் தாக்கியது. தமக்குக் கிடைத்த சான்றுகளின்படி சைபார்ன் அவர்களை ஏழு மணிக்குக் களத்தின் உள்ளே நிறுத்தினார். வெற்றி பிரிட்டனுக்கே உரியது என்று பாடம் படித்த நாட்டுக்கு இது உவப்பாக இல்லை. வெலிங்டன் தரப்பினருக்கும் உவப்பாக இல்லை. ஒரு படைத்தலைவர் தம் அறிக்கையில் எழுதிய சில வரிகளோடு எவரும் சண்டையிடவில்லை. பொம்மைகள் நின்ற இடத்தோடு சண்டையிட்டார்கள். இறுதியில் அவர் இணங்கி, பிரஷ்யப் பொம்மைகள் பலவற்றை அகற்றினார். 1844இல் அப்போரின் வரலாற்றை நூலாக எழுதினார், 1849இல் மறைந்தார். அந்த மாதிரி இன்று இலண்டனில் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவர் பெற்ற கடிதங்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891இல் பதிப்பித்தார். பொம்மைகளை அகற்றலாம், கடிதங்களை அகற்ற முடியவில்லை.

இதே வெலிங்டனைப் பொம்மையாக வைத்துக்கொண்டு இலக்கியம் தொடங்கிய ஒரு வீட்டையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1826 ஜூனில் பாட்ரிக் பிராண்டி என்ற பாதிரியார் லீட்ஸ் நகரிலிருந்து தம் மகன் பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். பத்து வயதுச் சார்லட் ஒன்றை எடுத்து அதற்கு வெலிங்டன் என்று பெயரிட்டாள். பிரான்வெல்லின் சிப்பாய் போனபார்ட் ஆனது. எமிலியும் ஆனும் ஆளுக்கு ஒன்று எடுத்தனர். அச்சிப்பாய்களுக்காக நாடுகளும் நகரங்களும் உருவாயின. அச்சிப்பாய்கள் படிப்பதற்கு ஏற்ற அளவில், தீப்பெட்டி அளவே உள்ள நூல்களை அக்குழந்தைகள் அச்செழுத்துப் போன்ற நுண்ணெழுத்தில் எழுதித் தைத்தார்கள். 'ஜேன் அயர்', 'வுதரிங் ஹைட்ஸ்' ஆகியவற்றை எழுதிய கைகள் முதலில் பழகியது அந்த நூல்களில்தான். மரச் சிப்பாய் அவர்களைப் போருக்கு அனுப்பவில்லை, எழுத அனுப்பியது.

ஆயினும் இத்தோடு மகிழ்ந்து முடித்துவிட முடியவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சின்னப் போர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். பொம்மைச் சிப்பாய்களையும் வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியையும் கொண்டு வீட்டுத் தரையில் போர் நடத்தும் விதிகள் அதில் உள்ளன. நூலின் நீண்ட துணைத்தலைப்பில், பையன்களின் விளையாட்டை விரும்பும் அறிவார்ந்த பெண்களுக்கும் அவர் இடம் தருகிறார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லி மேலே செல்வோம். சின்னப் போரை மூன்று நான்கு முறை ஆடியவனுக்குப் பெரும்போர் எவ்வளவு மடத்தனமானது என்று விளங்கிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டே, 1914 ஆகஸ்டில், பெரும்போர் வந்தது. வெல்ஸ் அதனை எதிர்க்கவில்லை. போர்களுக்கெல்லாம் முடிவுகட்டும் போர் அது என்று எழுதி ஆதரித்தார். பொம்மைகள் அவரைக் காக்கவில்லை. அழகாகச் செய்தல் மட்டுமே மனிதனை நல்லவனாக்கிவிடாது என்பதைக் கலைஞர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் பரணிகளைப் பாடம் நடத்தும்போதும் எனக்கு இந்த உறுத்தல் உண்டு.

இந்த உறுத்தலோடு நான் இருந்த நாட்களில்தான் என் மகன் தன் களத்தை முடித்தான். பிரஷ்யரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்தும் இழந்தும் போரிட்ட பிளான்சனுவா என்ற சிற்றூர் அது. நடுவில் தேவாலயம், சுற்றிலும் ஓட்டு வீடுகள், தோட்டச் சுவர்கள். சைபார்ன் அகற்றிய பிரஷ்யர்களை அவன் திரும்ப நிறுத்தியிருந்தான். கிழக்கே இருந்த மேட்டின் உச்சியில் ஒரு வரிசைச் சிப்பாய்களை அழகுக்காக நிறுத்தியிருந்தான்.

என் தந்தையார் மாலை நடை முடிந்து வந்தவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த வரிசையை ஒவ்வொன்றாக எடுத்து மேட்டின் பின்சரிவில் வைத்தார்.

"உச்சியில நிக்கக் கூடாதுப்பா. வானத்துல நெழலாட்டம் தெரியும். ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

"தாத்தா, வெலிங்டனும் வாட்டர்லூவுல இப்படித்தான் மேட்டுக்குப் பின்னாடி மறைச்சு வெச்சாரு!" என்றான் என் மகன்.

தந்தையார் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடெல்லாம் இருக்கே, ஜனங்க எங்க?"

மகன் விழித்தான். அவனிடம் விடை இல்லை. பெட்டியில் சிப்பாய்கள் மட்டுமே வந்தார்கள். அன்றுதான் என் தந்தையார், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். எல்லையோரத்தில் ஒரு கிராமத்துக்குள் அவர் பிரிவு நுழைந்தபோது அங்கே ஆள் இல்லை. ஓர் அடுப்பில் சாம்பல் இன்னும் சுட்டது. கொட்டிலில் எருமை ஒன்று கட்டியபடியே நின்று கத்திக்கொண்டிருந்தது. "அவுத்து விட்டேன். அது போகல. அங்கேயே நின்னுச்சு." அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்விட்டார்.

அவையோரே, சைபார்னின் களத்தில் பண்ணை வீடுகள் உள்ளன. பயிரின் வகையும் உள்ளது. அந்தப் பயிரை விதைத்தவர்களைப் பற்றி அவர் அனுப்பிய கேள்வித்தாளில் கேள்வி இல்லை. கேட்கப்பட்டவரெல்லாம் அதிகாரிகள். அவரைக் குறை சொல்ல நான் துணியேன். தாம் கேட்டதை அவர் அளவுக்கு நேர்மையாகக் கேட்டவர் அரியர். ஆனால் எந்த மேசையிலும் எந்தக் கேள்வித்தாளிலும் இடம்பெறாதவர்கள் இருக்கிறார்கள். ஒக்கூர் மாசாத்தியாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பூங்கணுத்திரையாரும் மன்னனின் யானையையும் வேலையும் விட்டுவிட்டு, வீட்டு வாயிலில் நிற்கும் தாயின் பக்கம் திரும்பியது ஏன் என்பதை அன்றிரவு நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். அந்தத் தாயின் உள்ளத்தில் வீரமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவள் அங்கே இருந்தாள் என்பதைப் பதிவுசெய்தவர்கள் அவர்கள்.

என் மகன் மறுவாரம் களிமண் பசையால் இரண்டு உருவங்களைத் தானே செய்தான். ஒன்று, தலையில் மூட்டையோடு நடக்கும் கிழவி. மற்றொன்று மாடு, எருமை செய்யத்தான் முயன்றான், கொம்பு சரியாக வரவில்லை. கிழவியின் சீலை மடிப்பில் நிழல் ஓட்டி, முந்தானை விளிம்பில் வெளிச்சம் வைத்தான். பெல்ஜியத்தில் சீலை ஏது என்று நான் திருத்தவில்லை. அவளை ஊரின் வெளிச் சாலையில் நிறுத்தினான்.

விதிநூலில் ஒவ்வொரு உருவத்துக்கும் எண் உண்டு: எத்தனை அங்குலம் நகரலாம், எந்தப் பகடைக்கு வீழலாம் என்று. அந்தக் கிழவிக்கு எண் இல்லை. ஆட்டம் நடக்கும்போது அவளை எப்படிக் கணக்கிடுவது என்று அவனும் அவன் தோழனும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அதில் தலையிடவில்லை. அவனைக் கடிந்துகொள்வதையும் விட்டுவிட்டேன்.

கவிஞர்களே, அந்தக் கைவினைஞர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது துல்லியத்தை: எந்த வயல், எந்தப் பயிர், எந்த நிறக் கழுத்துப்பட்டை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதும் பொறுப்பை. அவர்களுக்கு நாம் தர வேண்டியது அந்தக் கிழவியை. அவளுக்கு எண் தர விதிநூலால் இயலாது. அவளுக்கு ஒரு வரி தர உங்களால் இயலும்.